அமெரிக்கா அனுமதித்தவர் எத்தனை பேர், அடைத்து வைத்தவர் எத்தனை பேர்? அரசின் எண்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது ஏன்?

கேள்வி — யாழினி

வணக்கம். அமெரிக்கக் குடியேற்றம் பற்றி ஒரு சிற்றிதழுக்கு நீண்ட கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பொருளில் கருத்துச் சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அரசே வெளியிட்ட எண்களை மட்டும் வைத்து எழுதுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் இப்போது என்னைத் திணறடிக்கிறது.

பெருந்தொற்றுக்கு முந்தைய கடைசி நிதியாண்டு என்பதால் 2019-ஐ எடுத்துக்கொண்டேன். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடியேற்றப் புள்ளிவிவர ஆண்டு நூலில் முதல் அட்டவணை 10,31,765 என்கிறது. அதே நூலில் சில பக்கங்கள் தள்ளி இருக்கும் அட்டவணை, 8 கோடிக்கும் மேற்பட்ட ‘அனுமதிகளை’க் காட்டுகிறது. அதற்கான விளக்கக் குறிப்பு, உண்மையான மொத்தம் 18 கோடிக்கும் மேல் இருக்கும் என்கிறது. அமெரிக்காவின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 33 கோடி என்னும்போது இதை எப்படிப் புரிந்துகொள்வது?

தடுப்புக்காவல் எண்களிலும் இதே சிக்கல்தான். ஐஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடியேற்ற, சுங்க அமலாக்கப் பிரிவின் ஆண்டறிக்கையில் அதே ஆண்டுக்கு 5,10,854 என்று ஓர் எண்ணும் 50,165 என்று இன்னோர் எண்ணும் இருக்கின்றன. முதலில் பார்த்தபோது ஓர் இலக்கம் கூடுதலாக அச்சாகிவிட்டது என்றே நினைத்தேன். செய்திகளிலோ, அந்த ஆண்டு ஆகஸ்டில் எண்ணிக்கை 55,000-ஐத் தாண்டியது என்று இருக்கிறது.

வரைவில் நான் எழுதியிருக்கும் வாக்கியம் இது: “2019-ஆம் ஆண்டில் அமெரிக்கா 10,31,765 பேரை உள்ளே அனுமதித்தது, 5,10,854 பேரைப் பிடித்து அடைத்தது, அதாவது வந்தவர்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் சிறைக் கம்பிகளைப் பார்த்திருக்கிறார்.” எழுதியபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது எங்கோ இடிக்கிறது. எங்கே என்று சொல்ல முடியுமா?

மறுமொழி — நெடுங்கணக்கு

அந்த வாக்கியத்தை அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதில் உள்ள இரண்டு எண்களும் அரசு ஆவணத்தில் இருப்பவைதான். ஆனால் அவற்றை ஒன்றையொன்று வகுத்து நீங்கள் பெற்ற ‘இரண்டில் ஒருவர்’ எந்த ஆவணத்திலும் இல்லாதது, இருக்கவும் முடியாதது. காவலில் சேர்க்கப்பட்ட அந்த 5 லட்சத்தில் மிகப் பெரும்பாலானவர்களுக்கும் நிரந்தர வாழிட உரிமை பெற்ற அந்த 10 லட்சத்துக்கும் தொடர்பே இல்லை. இரண்டும் வேறு வேறு கூட்டம்.

தடுப்புக்காவல் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ‘அனுமதி’யோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் 10,31,765 என்ற எண். இது அந்த நிதியாண்டில் நிரந்தர வாழிட உரிமை, அதாவது கிரீன் கார்டு, பெற்றவர்களின் எண்ணிக்கை. அமெரிக்கச் சட்ட வழக்கில் ‘இமிகிரண்ட்’ என்ற சொல் பெரும்பாலும் இவர்களைத்தான் குறிக்கும். மாணவர், சுற்றுலாப் பயணி, எச்-1பி விசாவில் வேலைக்கு வந்தவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ‘நான்-இமிகிரண்ட்’. ஆனால் இந்த 10,31,765 பேரும் அந்த ஆண்டு விமானத்திலிருந்து இறங்கியவர்கள் என்று எண்ண வேண்டாம். இவர்களில் 4,59,252 பேர் மட்டுமே வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள். மீதி 5,72,513 பேர் ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் வேறொரு தகுதியில் வாழ்ந்துகொண்டிருந்து, அந்த ஆண்டில் தகுதி மாற்றம் பெற்றவர்கள். பதினைந்து ஆண்டுகளாக அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே பிள்ளை பெற்று, வரிசையில் காத்திருந்த ஒருவருக்கு 2019-இல் அட்டை கிடைத்தால், புள்ளிவிவரத்தில் அவர் 2019-இன் குடியேறி. பாதிக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்டவர்கள் என்றால், ‘அமெரிக்கா உள்ளே அனுமதித்தது’ என்ற உங்கள் வினைச்சொல்லே பாதிக்கு மேல் பிழையாகிறது.

இதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரைக்காக நீண்டகால வரைபடம் வரைந்தேன். 1991-இல் கோடு செங்குத்தாக எழுந்து 18 லட்சத்தைத் தாண்டியது. சோவியத் ஒன்றியத்தின் சிதைவு, வளைகுடாப் போர் என்று உலக நிகழ்வுகளையெல்லாம் இழுத்து வந்து விளக்கம் எழுதிவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே ஆவணமின்றி வாழ்ந்தவர்களையும் சில வகை வேளாண் தொழிலாளர்களையும் சட்டபூர்வமாக்க 1986-இல் ஒரு சட்டம் வந்தது. ஏறத்தாழ 27 லட்சம் பேர் அதனால் பயனடைந்தார்கள். அவர்களுக்கு நிரந்தர உரிமை கிடைத்த ஆண்டுகள் 1989-இல் தொடங்கி 1991-இல் உச்சம் தொட்டன. அந்தச் செங்குத்துக் கோட்டின் பெரும்பகுதி அந்த ஆண்டு எல்லையைக் கடந்ததே இல்லை! ஒரு வாசகர் அரைப்பக்கக் கடிதத்தில் இதைச் சுட்டிக்காட்டினார். அன்றிலிருந்து அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் அடிக்குறிப்பைப் பார்க்கும் பழக்கம் வந்தது.

அடுத்து 8 கோடி. இது ஐ-94 என்னும் வருகைப் பதிவின் அடிப்படையில், தற்காலிகமாக வந்தவர்களின் நுழைவுகளைக் கூட்டிய எண். நுழைவுகள் என்பதைக் கவனியுங்கள். ஒரு மாணவர் ஆகஸ்டில் படிக்க வருகிறார். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறார். மார்ச்சில் வேறொரு நாட்டில் நடந்த கருத்தரங்குக்குச் சென்று வருகிறார். கோடை விடுமுறையிலும் அப்படியே. ஓராண்டுக்குள் அவர் நான்கு ‘அனுமதி’. விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டை நான்கு முறை புரட்டிப் பார்த்து நான்கு முறை கைரேகை எடுத்திருக்கிறார். அட்டவணை அந்த நான்கு முறையைத்தான் எண்ணுகிறது. அந்த மாணவர் ஒருவரே என்பது அதற்குத் தேவையில்லாத செய்தி. கனடாவிலிருந்து குறுகிய பயணமாக வருபவர்களும் எல்லை கடக்கும் அட்டை வைத்திருக்கும் மெக்சிகோ நாட்டவரும் பெரும்பாலும் இந்தப் பதிவுக்குள் வருவதில்லை. அவர்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால்தான் 18 கோடி வருகிறது.

இந்த ஐ-94 வரிசையிலும் ஒரு பொறி உண்டு. 2009-இல் சுமார் 3 கோடியே 60 லட்சமாக இருந்தது, 2010-இல் 4 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. ஒரே ஆண்டில் ஒரு கோடிப் பயணம் கூடிவிடவில்லை. தரைவழி எல்லைச் சாவடிகளில் பதிவு முறை கணினிமயமாகி, முன்பு விடுபட்டுப்போன நுழைவுகளும் எண்ணப்பட்டன. அதுதான் முதன்மைக் காரணம். விரல் கூடவில்லை, எண்ணுபவர் இன்னொரு கையையும் சேர்த்து எண்ணத் தொடங்கினார், அவ்வளவே.

சட்டப் பொருளையும் சொல்லிவிடுகிறேன். ‘அட்மிஷன்’ என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட சொல்: அதிகாரி ஒருவர் சோதித்து, ஒப்புதல் அளித்த பின் நிகழும் சட்டபூர்வ நுழைவு. ‘பரோல்’ (சிறைப் பரோல் அன்று) என்ற தற்காலிக ஏற்பாட்டின்கீழ் உள்ளே விடப்படுபவர், அவர் நியூயார்க் நகரத் தெருவில் நடந்துகொண்டிருந்தாலும், சட்டப்படி ‘அனுமதிக்கப்படாதவர்’. 2023-இல் கியூபா, ஹெய்ட்டி, நிகராகுவா, வெனிசுவேலா நாட்டவருக்காக நடைமுறைக்கு வந்த பரோல் திட்டத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விமானத்தில் ஏறி, விமான நிலையம் வழியாகவே வந்தார்கள். அவர்கள் அனுமதி அட்டவணையில் இல்லை; அனுமதி பெறாமல் வருபவர்களை அதிகாரிகள் எதிர்ப்படும் ஒவ்வொரு முறையையும் எண்ணும், எல்லை முகமையின் ‘எதிர்கொள்ளல்’ அட்டவணையில் இருக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு கியூபர் ஓராண்டு கழித்து நிரந்தர உரிமை பெற்றால், அப்போது முதல் அட்டவணையில் வந்து சேர்வார். அகதிகளும் அப்படியே: வந்த ஆண்டில் அகதிகள் அட்டவணையில் ஒரு முறை, கிரீன் கார்டு கிடைத்த ஆண்டில் இன்னொரு முறை. இரண்டு அட்டவணைகளையும் கூட்டினால் ஒரே மனிதர் இரு மனிதராகிவிடுவார்.

யாழினி

நன்றி ஐயா. ‘எத்தனை பேர்’ என்று நான் கேட்டதே பிழையான கேள்வி என்பது இப்போது புரிகிறது. தமிழில் ஓர் எண்ணை எழுதினால் கை தானாகவே ‘பேர்’ என்று சேர்த்துவிடுகிறது. ஒரு துணைக்கேள்வி: 1820 முதல் இன்றுவரை தொடர்ந்து போகும் அந்த முதல் அட்டவணையை, குறைந்தபட்சம் நீண்டகாலப் போக்கைக் காட்டுவதற்காவது நம்பலாமா?

மறுமொழி — நெடுங்கணக்கு

போக்கைக் காட்டலாம், ஆண்டோடு ஆண்டு ஒப்பிடத் துணியாதீர்கள். 1820-க்கு அதில் உள்ள எண் 8,385. முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட கப்பல் பயணிகள் சட்டத்தால்தான் கப்பல் தலைவர்கள் பயணிகள் பட்டியலை ஒப்படைக்கத் தொடங்கினார்கள்; எனவே 1820 என்பது பட்டியல் பிறந்த ஆண்டு, குடியேற்றம் பிறந்த ஆண்டு அன்று. தரைவழியாக வந்தவர்கள் 1908 வரை முழுமையாக எண்ணப்படவில்லை. 1892 முதல் 1903 வரை, கப்பலில் தனி அறை எடுத்து வரும் அளவுக்கு வசதி படைத்தவர்கள் ‘குடியேறிகள்’ என்றே கணக்கிடப்படவில்லை. கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து வந்தவர்களே குடியேறிகள். வர்க்க மனப்பான்மை ஓர் அடிக்குறிப்பில் இவ்வளவு நேர்மையாகப் பதிவாகியிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். 1976 என்ற வரிசையில் பதினைந்து மாதங்கள் இருக்கின்றன; நிதியாண்டின் தொடக்கத்தை ஜூலையிலிருந்து அக்டோபருக்கு மாற்றியதால் நேர்ந்தது இது. நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறியவர்களை அரசு முறையாக எண்ணியது 1908 முதல் 1957 வரை மட்டுமே. அதன் பிறகு அந்தக் கணக்கையே நிறுத்திவிட்டார்கள். எனவே வந்தவரிலிருந்து போனவரைக் கழித்து நிகர எண்ணிக்கை சொல்பவர் எவராயினும், அவர் மதிப்பீட்டைத்தான் சொல்கிறார்.

மறுமொழி — அல்லியரசு

தடுப்புக்காவல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பணி நிமித்தம் இந்த எண்களோடு சில ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறேன்.

5,10,854 என்பது அந்த நிதியாண்டில் ஐஸ் காவலில் நிகழ்ந்த சேர்க்கைகளின் எண்ணிக்கை. 50,165 என்பது அந்த ஆண்டின் ஏதேனும் ஒரு நாளில் சராசரியாக உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை. ஒரு மருத்துவமனையில் ஆண்டு முழுவதும் சேர்ந்த நோயாளிகளின் கணக்குக்கும், இன்றிரவு நிரம்பியிருக்கும் படுக்கைகளின் கணக்குக்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஆகஸ்டில் 55,000-ஐத் தாண்டியது என்பது ஒரு குறிப்பிட்ட நாளின் படுக்கைக் கணக்கு. மூன்றும் உண்மை; மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான விடை.

இவற்றை இணைப்பது நாள் கணக்கு. 50,165-ஐ 365 நாளால் பெருக்கி 5,10,854-ஆல் வகுத்தால், ஒரு சேர்க்கைக்குச் சராசரியாக ஏறத்தாழ 36 நாள் வருகிறது. இதையே 2020 நிதியாண்டுக்குச் செய்து பாருங்கள். அந்த ஆண்டில் சேர்க்கை 1,82,869. நாள் சராசரி 33,724. சேர்க்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. வகுத்தால் ஒரு சேர்க்கைக்கு 67 நாளுக்கும் மேல் வருகிறது. ‘2020-இல் தடுப்புக்காவல் பெருமளவு குறைந்தது’ என்று எழுதுபவரும் சரி, ‘2020-இல் ஒரு சேர்க்கைக்குக் காவலில் கழிந்த நாள்கள் ஏறக்குறைய இரு மடங்காயின’ என்று எழுதுபவரும் சரி, ஒரே பக்கத்திலிருந்துதான் எழுதுகிறார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு, யார் பிடித்தார்கள் என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். 2019-இன் 5,10,854 சேர்க்கைகளில் 3,73,645 சேர்க்கைகள், எல்லையில் பிடித்து ஐஸ் வசம் ஒப்படைக்கப்பட்டவை. 1,37,209 மட்டுமே நாட்டின் உட்பகுதியில் ஐஸ் தானே கைது செய்தவை. எல்லையிலிருந்து வருபவர்களில் பலர் சில நாள்களிலோ வாரங்களிலோ விடுவிக்கப்படுவார்கள் அல்லது திருப்பி அனுப்பப்படுவார்கள். 2020 மார்ச்சில் ‘டைட்டில் 42’ என்ற பொதுச் சுகாதார விதி நடைமுறைக்கு வந்தபின், எல்லையில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் காவலுக்குள் வராமலேயே உடனுக்குடன் வெளியேற்றப்பட்டார்கள். குறுகிய காலம் தங்குபவர்களின் வரத்து நின்றுபோக, வழக்கு நடந்து நீண்ட காலம் இருப்பவர்களே மிஞ்சினார்கள்.

இங்கே புள்ளிவிவரம் அறிந்தவர்களும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு காவல் மையத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே தினமும் பத்துப் பேர் வந்து மூன்று நாளில் போய்விடுகிறார்கள். தினமும் ஒருவர் வந்து 90 நாள் இருக்கிறார். சேர்க்கைக் கணக்கில் நீண்டகாலக் கைதி பதினொன்றில் ஒருவர். ஆனால் எந்த நாளில் நீங்கள் உள்ளே நுழைந்து எண்ணினாலும் முதல் வகையினர் 30 பேர், இரண்டாம் வகையினர் 90 பேர். அதாவது நால்வரில் மூவர் நீண்டகாலக் கைதிகள். சேர்க்கைப் பட்டியலை வைத்து எழுதினால் ‘பெரும்பாலோர் மூன்றே நாளில் வெளியே வந்துவிடுகிறார்கள்’. படுக்கைக் கணக்கை வைத்து எழுதினால் ‘பெரும்பாலோர் மூன்று மாதம் அடைபட்டிருக்கிறார்கள்’. வெளியே வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் சராசரிக் காவல் நாளும் இப்படித்தான் ஏமாற்றும். இன்னும் வெளியே வராதவர்தான் அதில் விடுபட்டுப் போகிறவர்.

அடுத்து, ‘தடுப்புக்காவல்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன இல்லை என்பது. எல்லைக் காவல் படையின் குறுகிய காலக் கூடங்களில் இருப்பவர்கள் ஐஸ் கணக்கில் இல்லை. பெற்றோரின்றி வரும் சிறுவர்கள், 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 72 மணி நேரத்துக்குள் சுகாதார, மனிதச் சேவைகள் துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவர்கள் அந்தத் துறையின் கணக்கு. சட்டவிரோத நுழைவுக்காகக் குற்றவழக்குத் தொடரப்பட்டவர்கள் வழக்கு முடியும் வரை மார்ஷல் சேவையின் பொறுப்பு. அது நீதித் துறையின் கணக்கு. கணுக்காலில் மின்னணுப் பட்டை கட்டப்பட்டு வீட்டில் இருப்பவர்களுக்குத் தனி அட்டவணை. ஒரு பெண் ஒரு கணக்கிலும், அவருடன் எல்லையைக் கடந்த தங்கை மகன் வேறொரு துறையின் கணக்கிலும் இருப்பது இங்கே வழக்கமான நிகழ்வு.

இன்னும் முக்கியமானது, ஐஸ் தன் காவலில் உள்ளவர்களையே முழுமையாகக் காட்டவில்லை என்பது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2024 ஜூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதலில் சில தற்காலிகக் கூடங்களில் பதிவாகி, பிறகு முறையான காவல் மையங்களுக்கு மாற்றப்பட்டவர்கள், ஐஸ் வெளியிடும் சேர்க்கை எண்ணிக்கையில் விடுபட்டிருக்கிறார்கள் என்றும், அந்த விடுபடல் பல பத்தாயிரக்கணக்கில் இருக்கிறது என்றும் அது கண்டறிந்தது. எனவே 5,10,854-ஐயும் ‘ஐஸ் வெளியிட்ட கணக்கின்படி’ என்ற முன்னொட்டோடுதான் எழுத வேண்டும்.

நடைமுறைச் செய்தி ஒன்று. காவல் புள்ளிவிவரங்களை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐஸ் ஒரு எக்செல் கோப்பாக வெளியிடுகிறது; நிதி ஒதுக்கும்போது நாடாளுமன்றம் விதித்த கடப்பாடு அது. கோப்பைத் திறந்தால் அகன்று விரிந்த ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு சிறு அட்டவணைகள் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். வரையறைகளோ கடைசித் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டி வரும் எண்ணும், அன்றைய நிலவரமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும். புதிய கோப்பு வந்தால் பழையது அந்த இடத்திலிருந்து மறைந்துவிடும். ஆகவே பதிவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துச் சேமித்து வையுங்கள். நான் சேமிக்காமல் விட்ட ஒரு கோப்பைத் தேடி ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட டிராக் என்ற ஆய்வு மையம், தகவல் அறியும் சட்டத்தின் வழியாகவும் இந்தக் கோப்புகளைத் தொடர்ந்து சேகரித்தும் நீண்டகால வரிசைகளை வைத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மறுமொழி — கருக்கல்

இவ்வளவு ஓட்டை உள்ள கணக்கை எதற்காகக் கட்டி அழ வேண்டும்? அடைப்பவனே எண்ணி, அவனே வெளியிடுகிறான். ஆட்சி மாறினால் எண்ணும் மாறுகிறது. காவலில் இருந்து வந்த பத்துப் பேரிடம் பேசினால் இதைவிட உண்மை கிடைக்கும் என்பது என் கருத்து.

மறுமொழி — அல்லியரசு

பத்துப் பேரிடமும் பேச வேண்டும்; அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ‘எண்ணை அவனே உண்டாக்குகிறான், எனவே தள்ளிவிடு’ என்பதை ஏற்க மாட்டேன். ஐஸ் கணக்கில் விடுபடல் இருக்கிறது என்பதை நாம் எப்படி அறிந்தோம்? ஐஸ் வைத்திருக்கும் தனிநபர் பதிவுகளைத் தணிக்கை அலுவலகம் வாங்கி, வெளியிட்ட கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டதால்தான். எண்ணின் குறையை எண்ணைக் கொண்டுதான் காட்டினார்கள்.

எண் நடுநிலையானது என்று நானும் சொல்ல வரவில்லை. 2009-இல் நாடாளுமன்றம் இயற்றிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், குறைந்தது 33,400 படுக்கைகளைப் பராமரிக்க வேண்டும் என்ற வாசகம் இருந்தது, பிறகு அது 34,000 ஆயிற்று, 2017-இல்தான் கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் நாள் சராசரி அந்த எண்ணையொட்டியே நின்றதைப் பார்த்து, ‘குடியேற்றம் சீராக இருந்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. படுக்கைக்குப் பணம் ஒதுக்கப்பட்டது, படுக்கை நிரம்பியது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் தடுப்புக்காவலுக்கென 4,500 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது; ஆண்டின் தொடக்கத்தில் 40,000-க்குச் சற்றுக் கீழே இருந்த அன்றாட எண்ணிக்கை, அதே ஆகஸ்டில் 60,000-ஐத் தாண்டிவிட்டது. இந்த எண்களில் எத்தனை பேர் எல்லை கடந்தார்கள் என்பதைவிட எத்தனை படுக்கைக்குக் காசு இருந்தது என்பதைப் படிப்பது பல சமயம் எளிது.

குற்றப் பின்னணிப் பத்தியையும் இதே கண்ணோடு பாருங்கள். ‘தண்டனை பெற்றவர்’, ‘வழக்கு நிலுவையில் உள்ளவர்’, ‘பிற குடியேற்ற விதிமீறல்’ என்று மூன்று பிரிவுகள் அதில் இருக்கின்றன. முதல் பிரிவில் கொலைக் குற்றவாளியும் இருப்பார். போக்குவரத்துக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரும் இருப்பார். அனுமதியின்றி எல்லை கடந்ததற்காகவே தண்டிக்கப்பட்டவரும் இருப்பார். பிரிவின் பெயர் மட்டும் செய்தித் தலைப்புக்குப் போகும்.

மறுமொழி — பொன்னி

‘எதிர்கொள்ளல்’ என்ற சொல் மேலே வந்ததால் ஒரு சிறு எச்சரிக்கை. 2021 நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் எல்லைக் காவல் படை 16,59,206 முறை ஆள்களை எதிர்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் அதே எல்லையில் நிகழ்ந்த பிடிப்புகள் 16,43,679. ‘வரலாறு காணாத கூட்டம்’ என்ற தலைப்புகள் இந்த ஒப்பீட்டிலிருந்து பிறந்தவை. ஆனால் டைட்டில் 42-இன்கீழ் வெளியேற்றப்பட்டவருக்கு வழக்கும் இல்லை, மறுநுழைவுத் தடையும் இல்லை. அன்று மாலை மெக்சிகோ பக்கம் விடப்பட்டவர் மறுநாள் காலையில் மறுபடி முயல்வார். அந்த ஆண்டின் மறுமுயற்சி விகிதத்தை நூற்றுக்கு 27 என்று எல்லை முகமையே பதிவு செய்திருக்கிறது. ஒரே இளைஞர் ஒரே வாரத்தில் மூன்று ‘எதிர்கொள்ளல்’ ஆக முடியும். இன்னொரு பக்கம், 2000-இல் பிடிபடாமல் உள்ளே போனவர்களின் பங்கு 2021-ஐவிடப் பெரிது என்றே ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதாவது ஒப்பீடு இரண்டு முனையிலும் கோணலாக இருக்கிறது.

யாழினி

அனைவருக்கும் நன்றி. என் வாக்கியத்தை நீக்கிவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

“2018 அக்டோபர் 1 முதல் 2019 செப்டம்பர் 30 வரையிலான நிதியாண்டில் 10,31,765 பேர் அமெரிக்காவில் நிரந்தர வாழிட உரிமை பெற்றனர், அவர்களில் 4,59,252 பேரே அந்த ஆண்டில் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். இவர்களோடு தொடர்பில்லாத வேறொரு கணக்கின்படி, அதே நிதியாண்டில் 5,10,854 பேர் ஐஸ் காவலில் சேர்க்கப்பட்டனர். ஒரு நாளில் சராசரியாக 50,165 பேர் உள்ளே இருந்தனர். தற்காலிகக் கூடங்களில் முதலில் பதிவானவர்கள் ஐஸ் வெளியிடும் சேர்க்கைக் கணக்கில் விடுபடுவதாக 2024-இல் அரசுத் தணிக்கை கண்டறிந்தது.”

மறுமொழி — நெடுங்கணக்கு

மிக நன்று. ஒரே ஒரு திருத்தம். முதல், இரண்டாம், நான்காம் எண்களுக்குப் பின் ‘பேர்’ இருக்கட்டும். மூன்றாவதில், ‘5,10,854 சேர்க்கைகள் பதிவாயின’ என்று மாற்றிவிடுங்கள். ஒரே ஆண்டில் விடுவிக்கப்பட்டு மீண்டும் பிடிபட்டவர் அதில் இரண்டு.

யாழினி

கை மறுபடியும் தானாக எழுதிவிட்டது. மாற்றிவிட்டேன்.